மைக் கட்டிப் போன ஃபிரிட்ஜ்

போன வாரம் உங்கள் விளம்பர ஆபீஸ் மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். ரிட்டயர் ஆனவளுக்கு அது பெரிய மரியாதை. காபியும் நன்றாக இருந்தது. உங்களில் ஒரு பெண், கெட்டிக்காரி, திரையில் ஒரு திட்டத்தைப் போட்டுக் காட்டினாள். கடையில் ஒருவர் பொருள் வாங்கிய கையோடு அவருடைய படம், பேர், ஊர், வாங்கிய சாமான் எல்லாம் கடையின் பக்கத்தில் ஏறிவிடும். அவருடைய சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் எல்லாருக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. என்ன மேடம், பிடிக்கவில்லையா என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் பேச ஆரம்பித்தால் நாலு பஸ் போய்விடும் என்றுதான் கிளம்பினேன். இப்போது எழுதுகிறேன், சாவகாசமாகப் படியுங்கள்.

அந்தத் திட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். உங்களுக்கெல்லாம் பால் பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரம்பலூரிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் மைக்கோடு கிளம்பிப் போனது.

அப்போது நான் அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் செந்துறை. பெரம்பலூரில் வீட்டு உபயோகச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, அதன்மேல் ஜிகினா வைத்த துணியைப் போட்டு மூடி, ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துணியை எடுக்கத்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். டி.வி., ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் விற்கிற கடை. முதலாளி அரும்பாவூர்க்காரர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிட்டு மீசையைத் தடவுவார். அதற்குக் கத்தியே தொலைக்கலாம். நான் பாடம் எடுத்தவள் என்பதால் கடையில் எல்லாருக்கும் டீச்சர் ஆகிவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்த முதலாளிக்கும் நான் டீச்சர்தான்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய சாமான் எது விற்றாலும் லோடு ஆட்டோவில் மைக் கட்டி, வாங்கியவர் பேரைச் சொல்லி, அவர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் கொண்டுபோய் இறக்குவார்கள். மைக் பிடிப்பவர் மேனேஜர் கலியமூர்த்தி அண்ணன். என்ன குரல் என்கிறீர்கள்! செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டு நல்ல விலை பார்த்த ஒருவர் டி.வி. வாங்கினால், அண்ணன் மலைக்கோயில் அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிடுவார். வாங்கியவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இன்னொருவர் டி.வி. கேட்டு வருவார், என் பேரையும் மைக்கில் சொல்வீர்கள் அல்லவா என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் பில் போடச் சொல்வார். வருடக்கணக்காகக் கடையை ஓட்டியது அந்த மைக்தான். நானே அதை ரசித்துக் கேட்டிருக்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குத் திருச்சியிலிருந்து வினை வந்தது. அங்கே இருந்த ஒரு பெரிய கடை பெரம்பலூரில் கிளை திறக்க இடம் தேடியது. எங்கள் இடம்தான் பிடித்திருந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து, நீங்களாக ஒதுங்கினால் நல்லது, இல்லாவிட்டால் எதிரிலேயே திறப்போம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில். கொடுத்துவிட்டு அரும்பாவூரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அவருக்கு உட்கார இடம் இருந்தது. கலியமூர்த்தி அண்ணனுக்கும், லோடு ஏற்றுகிறவர்களுக்கும், மெக்கானிக்குகளுக்கும், எனக்கும் இல்லை. என் வீட்டு அரிசி அந்தக் கடைச் சம்பளத்தில்தான் வந்தது.

நான் துணிந்து போய்ப் பேசினேன். கடைக்கு வெப்சைட் ஒன்று போடலாம் என்றேன். முதலாளி, அதென்ன டீச்சர், கடை வாசலில் மாட்டுகிற போர்டா என்று கேட்டார். போர்டுதான், ஆனால் துபாயிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்றேன். இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் எங்கள் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் நிறைய. சாமான் பார்ப்பது இங்கே இருக்கிற பெண்கள், பணம் வருவது அரபு நாட்டிலிருந்து. மகனோ கணவனோ அங்கிருந்து கடைக்குப் போன் போட்டு, கலர் என்ன, லிட்டர் எவ்வளவு, எத்தனை வருட வாரண்டி என்று கேட்பான். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடும். அவனே படத்தோடும் விலையோடும் அங்கே உட்கார்ந்தபடி பார்த்தால்? முதலாளி நெடுநேரம் மீசையைத் தடவினார். அப்புறம் சொன்னார்.

"இந்த வருசம் தீவாளியும் ரம்ஜானும் ஒரே வாரத்துல வருது டீச்சர். அதுவரைக்கும் பாருங்க. ஓடலன்னா அந்தக் கூலிங் கிளாஸ்காரன்கிட்ட சாவியக் குடுத்துடுவேன்."

வெப்சைட் கட்டியதை விவரித்து உங்களைக் கொட்டாவி விட வைக்க மாட்டேன். அன்றைக்கு இருந்த இன்டர்நெட் வேகத்தில் ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் காட்டுகிற ஒரு கவுன்டர் வைத்திருந்தேன். அது ஏறிக்கொண்டே போயிற்று. நான் குதித்தேன். கலியமூர்த்தி அண்ணன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனெல்லாம் வாங்குகிறவனா, நம் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள் என்று கேலி செய்தார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போகிறவர்கள் இன்றும் உங்கள் மீட்டிங்கில் பாதிப் பேர் இருக்கிறீர்கள்.

ஆடி மாதம் முதல் ஆர்டர் வந்தது. சவூதியில் தம்மாம் என்கிற ஊரிலிருந்து காதர் என்ற பையன் மெயில் அனுப்பியிருந்தான். லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற அவன் அம்மா ஹமீதா பீவிக்கு ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ். பணத்தையும் முழுதாக அனுப்பிவிட்டான். முதலாளி அந்த மெயிலை அச்சடித்துத் தரச் சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்கக் காட்டினார். கடையில் லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு.

மறுநாள் நான் அரியலூரில் இருந்தேன். சென்டரில் பழைய மாணவர்களுக்குப் பரீட்சை. அங்கேதான் தும்பை விட்டேன், அதன் பிறகு வாலைப் பிடிக்க ஓடியதுதான் மிச்சக் கதை. கலியமூர்த்தி அண்ணன் ஃபிரிட்ஜை லோடு ஆட்டோவில் ஏற்றி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் மைக் குழாய் கட்டி, லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்விட்டார். இவ்வளவு நாளும் வெங்காயம் விற்றவருக்கே அத்தனை முழக்கம் என்றால், இன்டர்நெட்டில் வந்த முதல் ஆர்டருக்குக் கேட்கவா வேண்டும்? தெருத் தெருவாக அவர் முழங்கியது இதுதான். ஆட்டோ டிரைவர் பிறகு எனக்கு அட்சரம் பிசகாமல் சொல்லிக் காட்டினார்.

"தம்மாமிலே உழைக்கும் அன்பு மகன் காதர், தன்னைப் பெற்ற தாயார் ஹமீதா பீவி அவர்களுக்கு, இன்டர்நெட் வழியாக வாங்கி அனுப்பிய டபுள் டோர் ஃபிரிட்ஜ், இதோ வந்துகொண்டிருக்கிறது!"

ஆட்டோ அந்த வீட்டு வாசலில் போய் நின்றதும் கதவு சாத்திக்கொண்டது. தட்டினார்கள். உள்ளேயிருந்து, எங்களுக்கு எதுவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு பெண் குரல் வந்தது. தெருவே கூடிவிட்டது. அண்ணன் மைக்கிலேயே, அம்மா, உங்கள் மகன் அனுப்பியதுதான், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அட கடவுளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கதவு திறக்கவேயில்லை. ஃபிரிட்ஜைப் பக்கத்திலிருந்த ஒரு கடையின் முன்னால் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். மாலையோடு அது தெருவைப் பார்த்து நின்றது.

அடுத்த நாள் காதரிடமிருந்து மெயில். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். எங்கள் அம்மா போனில் அழுகிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தான். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்று மாலைக்குள், விலை கேட்டு எழுதிக்கொண்டிருந்த வேறு சிலரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அங்கே ஒரு ரூமில் பத்துப் பேர் தங்குவார்கள், பக்கத்து ரூமில் இன்னும் பத்துப் பேர், எல்லாரும் சுற்றுவட்டாரக்காரர்கள். தம்மாமில் ஒருவன் தும்மினால் ரியாத்தில் இருப்பவன் துண்டு கொடுப்பான். என் வெப்சைட் மூன்று மாதத்தில் சம்பாதித்த பேரை அந்த மைக் மூன்று தெருவில் தொலைத்துவிட்டது.

கடையில் பஞ்சாயத்து கூடியது. கலியமூர்த்தி அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லதைத்தானே சொன்னேன், அன்பு மகன் என்றுதானே சொன்னேன் என்று பரிதாபமாகக் கேட்டார். அவருடைய யோசனை, எல்லாருக்கும் மெயில் அனுப்பி ரம்ஜான் தள்ளுபடி அறிவிப்பது. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். அடிபட்டவனிடம் போய் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பது. முதலாளி மீசையில் கை வைத்தபடி, திருச்சி ஆளை வெள்ளிக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். தள்ளுபடியும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம், முதலில் அந்த அம்மா ஏன் கதவைச் சாத்தினார்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறேன் என்றேன். கவுன்டரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். ஏன் ஒருவர் வேண்டாம் என்றார் என்பது எந்தக் கவுன்டரிலும் வராது.

பஸ் ஏறித் தனியாகப் போனேன். கதவைத் தட்டி, பெரம்பலூர் கடையிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"மைக்கு எங்க, வெளிய நிக்கிதா?"

நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்றேன். கதவு திறந்தது. ஹமீதாம்மா ஐம்பது வயதுக்காரர், ஒல்லியான உடம்பு, கண்ணில் தீ. என்னை உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, அப்புறம் பிடித்துக்கொண்டார். வந்தவளை வெறும் வயிற்றோடு திட்டக் கூடாது என்று நினைத்திருப்பார் போல.

"எம் மவளுக்கு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். மாப்ள வூடு இந்த ஊர்தான். எங்களால இவ்வளவுதான் ஆவும்னு சொன்னோம், அவங்களும் சரின்னுட்டாங்க. நீங்க மைக்கு போட்ட அன்னிக்கி சாயந்தரம் மஃரிபு தொழுகைக்கு முன்னாடியே ஆளு வந்துடுச்சு. தம்மாம்லேர்ந்து ஃபிரிட்ஜ் எறங்குற வூட்டுல பொண்ணுக்கு மட்டும் ஏன் கை இறுகுதுன்னு கேக்குறாங்க. எம் புள்ள ரெண்டு வருசமா டீக்காச மிச்சம் புடிச்சு அத வாங்கியிருக்கான். அது அவங்களுக்கு என்னா தெரியும்? இந்தச் சம்பந்தம் மட்டும் முறிஞ்சுதுன்னா எம் மவ வாழ்க்கைய நீங்க ரெண்டு கொழாயில ஊதிட்டீங்கன்னு அர்த்தம்."

பக்கத்து அறைக் கதவோரத்தில் அந்தப் பெண்ணின் துப்பட்டா நுனி தெரிந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடை பிழைக்குமா, எனக்குச் சம்பளம் நிற்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தவள் நான். அதைவிடப் பெரிய ஒன்றை நாங்கள் போட்டு உடைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம். நாங்கள் என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டேன்.

"உல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? நீங்க வெளிய வுட்டதுக்கு நீங்களே வழி பண்ணுங்க," என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். கடைக்கு வந்ததும் ஒரு தாளில் நாலு வரி எழுதி முதலாளி முன்னால் வைத்தேன். நாங்கள் இந்தத் தெருக்களில் செய்த அறிவிப்பு தவறு, கம்ப்யூட்டரில் விலாசம் பிசகி வீடு மாறி வந்துவிட்டோம், அந்த வீட்டாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, முழுப் பொறுப்பும் எங்கள் கடையுடையது, ஃபிரிட்ஜை எடுத்துப் போகிறோம், மன்னிக்கவும். இதை அதே ஆட்டோவில், அதே மைக்கில், அதே தெருக்களில், அதே குரலில் சொல்ல வேண்டும் என்றேன்.

கலியமூர்த்தி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நம் கடை பேரை நாமே நாறடிப்பதா, இன்டர்நெட்டில் வாங்கினால் வீடு மாறிப் போகும் என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள், அதற்கப்புறம் ஒருவன் வாங்குவானா, டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பேசத்தான் செய்வார்கள். பேசட்டும் என்றேன். சிரிப்பு நம்மேல் விழுந்தால்தான் அந்த வீட்டின்மேல் இருக்கும் கண் விலகும். பேர் கெட்டால் நாம் கடைக்காரர்கள், வேறு பேர் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு அது முடியாது.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். மீசைக்குக் கை போகவில்லை.

"கலியமூர்த்தி, மைக்க எடு," என்றார்.

மறுநாள் நானும் ஆட்டோவில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முதலாளியும் வந்தார். அண்ணன் முதல் வரியைச் சொல்லும்போது அந்தத் தங்கக் குரல் தடுமாறியது. ஆனாலும் ஒரு வார்த்தையை விழுங்கவில்லை, மனிதர் மனிதர்தான். தெருவில் ஒரே சிரிப்பு. கம்ப்யூட்டருக்கு வூடு தெரியலியாமே என்றார் ஒருவர். இன்டர்நெட்டு பஸ் மாறி ஏறிடுச்சு என்றார் இன்னொருவர். நட்டநடுப் பகலில், எல்லாரும் பார்க்க, மாலை வாடிப்போன ஃபிரிட்ஜைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஹமீதாம்மா வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. கடைக்கு வந்ததும் அண்ணன் மைக்கை ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டார். இனிமேல் இதைத் தொட்டால் என் பேர் கலியமூர்த்தி இல்லை என்றார்.

அந்த ஃபிரிட்ஜை விற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பின்பக்கம் ஒரு மூலையில் வைத்து, கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த ஜிகினாத் துணியால் மூடிவைத்தோம். காதர் பணத்தைத் திரும்ப அனுப்ப வேண்டாம், இருக்கட்டும் என்று எழுதினான். அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

பிறகு சில வாரங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. ஈ ஓட்டினோம். திருச்சி ஆள் இரண்டு முறை போன் செய்தார். நான் தைரியசாலி மாதிரி நடமாடிக்கொண்டே வேறு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் தம்மாமிலிருந்து, பேர் தெரியாத ஒருவரிடமிருந்து, ஒரு மெயில் வந்தது. கிரைண்டர் வேண்டும் என்று எழுதிவிட்டுக் கடைசியில், காதர் ரூமில்தான் இருக்கிறேன், நீங்கள் வெளியில் சொல்லாமல் இருப்பீர்கள் என்று அவன் அம்மா சொன்னார்களாம், சரிதானே என்று கேட்டிருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து முதலாளி அறைக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தில் ஒரு மிக்சியைத் தட்டிவிட்டேன், ஜாருக்குக் கை உடைந்தது, ஒருவரும் திட்டவில்லை.

இன்று நீங்கள் ஸ்ட்ராட்டஜி என்று சொல்கிறீர்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் மீட்டிங்கில் நூறு முறை பேசினீர்கள். யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. செட்டிகுளத்துக்காரருக்குத் தெரு பார்க்க வேண்டும். ஹமீதாம்மாவுக்குத் தெரு பார்க்கக் கூடாது. சாமான் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை விசாரிக்காமல் விளம்பரம் செய்கிறவன், யாரோ ஒருவர் குடும்பத்தை வைத்துச் சூதாடுகிறான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். எங்கள் முதல் பக்கத்தில், வாங்கியவர்களுக்கு நன்றி என்று பேரும் ஊருமாக ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும், முதலாளியின் ஆசை அது. அதைத்தான் முதலில் தூக்கினேன். கடைக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினோம். இங்கே வீட்டுப் பெண்கள் வந்து நிதானமாகச் சாமானைப் பார்ப்பார்கள். பிடித்ததைப் படமெடுத்து, ஆள் படம் இல்லை, சாமான் படம் மட்டும், தனிப் பக்கத்தில் ஏற்றி அதற்கு ஒரு எண் கொடுப்போம். அந்த அம்மா கடையிலிருந்தே அரபு நாட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மணி அடித்து நின்றால், பார்த்துவிட்டேன், நீயும் பார் என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் காசு, அடித்து நிறுத்தினால் இலவசம், இது அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த பழக்கம். அவன் அங்கே பிரவுசிங் சென்டரில் போய் அந்த எண்ணைப் போட்டுப் படத்தைப் பார்த்து, சரி என்று எங்களுக்கு மெயில் அனுப்புவான். எண் தெரியாத யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. வாங்குகிறவன் ஒரு கரையில், வைத்துப் புழங்குகிறவள் ஒரு கரையில். நடுவில் பாலமாக இருப்பதுதான் வெப்சைட்டின் வேலை என்று ஆயிற்று.

அடுத்ததாக ஒரு பழைய மூடிய வேன் வாங்கச் சொல்லி, அதன்மேல் கடை பேர் எழுதக் கூடாது என்றேன். வீட்டார் சொல்கிற நேரத்தில் போக வேண்டும், சாமானைச் சாக்கில் சுற்றி இறக்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது. கலியமூர்த்தி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரே எழுதாத வண்டிக்கு எதுக்கு டீச்சர் டீசலு? தள்ளிக்கிட்டே போவலாமே," என்றார்.

ஆனால் அந்த நீல வேனை அவரேதான் ஓட்டிக்கொண்டு போனார். மைக்கில் முழங்கிய மனிதர், மூக்கால்கூடச் சத்தம் வராமல் வாசலில் நின்று, அம்மா, வந்துட்டோம் என்று மெல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். முதலில் வாரத்துக்கு ஒன்று போயிற்று. பிறகு நாளுக்கு ஒன்று. நோன்பு தொடங்கியதும் வேன் போதாமல் வாடகைக்கு இன்னொன்று எடுத்தோம், அதற்கும் பேர் எழுதவில்லை. தம்மாம், ஜெட்டா, துபாய், மஸ்கட் என்று மெயில் வந்து விழுந்தபடி இருந்தது. இங்கே தீபாவளிக்கு வாங்குகிற கூட்டம் வேறு. அவர்களுக்கு மட்டும் மைக் வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவர்களுக்கு டிரைவரே ஒரு வாடகை மைக்கில் பேசிச் சமாளித்தார்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துகொண்டிருக்கிறேன். குழந்தையோடு ஒரு பெண் வழி கேட்டாள்.

"அக்கா, இங்க பேரில்லாத வண்டிக் கட எங்க இருக்கு?"

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. எத்தனையோ வருடம் மைக் கட்டிப் பேர் வாங்கிய கடை, எழுதாத பேரால் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அவளை நானே கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டேன். கலியமூர்த்தி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, கேட்காதது மாதிரி ஒரு மிக்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வெகுநேரம் அதே மிக்சியைத் துடைத்தார்.

சொன்ன தவணைக்குத் திருச்சி ஆள் வந்து சேர்ந்தார். உள்ளே நுழைய வழியில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றார். முதலாளி அவரை உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, நாட்டு நடப்பெல்லாம் பேசி, கடைசியில் எழுந்து கும்பிட்டார்.

"எடம் காலி இல்லிங்க. போயிட்டு வாங்க," என்றார்.

அவர்கள் எதிரிலும் திறக்கவில்லை, பக்கத்திலும் திறக்கவில்லை. அன்று கடையில் மறுபடியும் லட்டு. நான் எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் மீட்டிங்கில் கை தட்டாமல் எழுந்து வந்ததற்குக் காரணம் பாதிதான் சொன்னதாக ஆகும். ரம்ஜான் கழிந்து கொஞ்ச நாளில் ஹமீதாம்மா கடைக்கு வந்தார். கையில் நெய்ச்சோறு நிறைந்த ஒரு தூக்கு. மகளுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. அதிகமாக எதுவும் கேட்கவில்லை, பேசினபடியே நடந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்றார். முதலாளி அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய் ஜிகினாத் துணியை விலக்கிக் காட்டினார். ஹமீதாம்மா அந்த ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தார், மூடினார், இன்னொரு கதவைத் திறந்தார், மூடினார். எந்த நேரத்துக்குச் சொல்கிறீர்களோ அந்த நேரத்துக்குச் சத்தமில்லாமல் நீல வேனில் அனுப்பிவிடுகிறேன் என்று முதலாளி பணிவாகச் சொன்னார்.

"வேணாங்க," என்றார் ஹமீதாம்மா. "ஆட்டோவுலயே அனுப்புங்க. மைக்கு கட்டி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கலியமூர்த்தி அண்ணன் பில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப நான் யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. அன்னிக்கி கதவச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு கேட்டேன் டீச்சர். எம் புள்ள பேர அப்படி ஒருத்தரும் சொன்னதில்ல. அதயே, அந்த அண்ணனே, ஒரு வார்த்த கொறையாம சொல்லணும்."

அண்ணன் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். மைக்கை இறக்கி, துணியைப் பிரித்து, தூசி தட்டி, ஊதிப் பார்த்தார். இதைத் தொட்டால் என் பேர் கலியமூர்த்தி இல்லை என்றீர்களே என்று ஒருவர் வம்புக்கு இழுத்தார். இன்னிக்கு வேற பேர் வச்சிக்கிறேன் போடா என்றார்.

அன்று லப்பைக்குடிக்காட்டில் அந்தக் குரல் கேட்டதே, அதைப் போல அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. புது மாலை. அதே தெருக்கள். தம்மாமிலே உழைக்கும் அன்பு மகன் காதர், தன்னைப் பெற்ற தாயார் ஹமீதா பீவி அவர்களுக்கு என்று அவர் தொடங்கியபோது, போன தடவை சிரித்தவர்கள்கூட மாஷா அல்லாஹ் என்றார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. ஹமீதாம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார். கையில் செல்போன். தம்மாமுக்கு லைன் போட்டு, காதர் கேட்பதற்காகக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். மிஸ்டு கால் இல்லை, காசு ஓடுகிற கால்.

அறிவிப்பு முடிந்தது. அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு, சரியா அம்மா என்று கேட்டார். ஹமீதாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."